இடது கண்ணுக்குக் கடைசி வரி

9.6.2025, திங்கள். மாலை 4.40. ஒரு நிமிஷத்தில் கண் இமைத்தது: 4

வெப் கேமராவில் என் முகத்தைப் பதிவு செய்து, ஓட்டிப் பார்த்து எண்ணினேன். சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது 16. மானிட்டரைப் பார்த்தபோது 4. அந்த நாலிலும் ஒன்று பாதி. மேல் இமை கீழே வந்து தொடவே இல்லை. பிறகு கண் எரியாமல் என்ன செய்யும்.

வெளியே அனல். ஆபீஸ் சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. உள்ளே ஏசி. அந்தக் காற்று நேராக என் மூஞ்சிக்கு.

எதற்கு இந்த ஆராய்ச்சி: 25ஆம் தேதி மெடிக்கல். ரயில் டிரைவர் வேலை. பரீட்சை எல்லாம் தாண்டியாயிற்று. இனி கண் மட்டும். கண்ணாடி போடாமல், ஒவ்வொரு கண்ணும் தனியாக, ஆறு மீட்டர் தள்ளி நின்று சார்ட்டின் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஒரு வரி குறைந்தாலும் வெளியே. அடுத்த தடவை எழுத எனக்கு வயசு இல்லை. முடிந்தது.

போன வருஷம் சர்டிபிகேட் வாங்கியபோது இரண்டு கண்ணும் 6/6, கடைசி வரி வரை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இந்த மானிட்டர். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் 'கீரப்பாளையம்' போர்டு கிட்டே வந்த பிறகுதான் எழுத்தாக மாறியது.

இன்று சார்ட்டை நானே பிரிண்ட் எடுத்து, அளவு சரிபார்த்து, ஹாலின் பின் சுவரில் ஒட்டினேன். டேப் பிடித்து ஆறு மீட்டருக்குத் தரையில் கோடு.

வலது: கடைசி வரி, எல்லாம்.
இடது: கடைசி வரியில் ஆறுக்கு மூன்று.

தினமும் வேலை தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. அளக்காததைச் சரிசெய்ய முடியாது.


10.6, செவ்வாய்

ரூமில் தண்ணீர் இல்லை. கூடத் தங்கியிருக்கும் விக்கி எனக்கு முன்னாடி எழுந்து மொத்தத்தையும் ஊற்றிக்கொண்டான். அவனுக்கும் அதே ரயில் வேலை, அதே 25ஆம் தேதி மெடிக்கல். வேறு எந்த வேலைக்கும் போகவில்லை. நாள் முழுக்க போன்.

செய்தது:
– மானிட்டரை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி வைத்தேன்.
– அடியில் இருந்த இரண்டு பேப்பர் பண்டலை உருவினேன். மேல் விளிம்பு இப்போது கண் மட்டத்துக்குக் கீழே.
– பிரைட்னஸ் நூறிலிருந்து நாற்பது.
– ஏசி காற்றுக்கு அட்டை மறைப்பு.
– தலைக்கு மேல் ட்யூப்லைட் போட்டேன். எங்கள் டீம் லீட் பிரபு அணைத்தார். போட்டேன். அணைத்தார்.

வேலை நேரத்தில் ஹாலில் லைட் போடக் கூடாது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஸ்கிரீனில் வெளிச்சம் விழுந்தால் வீடியோவில் சின்ன விளக்குகள் தெரியாதாம். முப்பது பேர் இருட்டில் உட்கார்ந்து முழு வெளிச்சத்தை முறைத்துப் பார்க்கிறோம். கண்ணைக் கெடுக்க இதைவிடச் சரியான ஏற்பாட்டை யாரும் யோசித்துச் செய்ய முடியாது.

வேலை: ஏதோ வெளிநாட்டு ஊர். கார் முன்னால் கேமரா. ஒவ்வொரு படத்திலும் சிக்னல் விளக்கைத் தேடி, சுற்றிக் கட்டம் போட்டு, பட்டன் அழுத்த வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை, தெரியவில்லை. நாலு பட்டன். டிரைவர் இல்லாத காருக்குப் பாடம் எடுக்கிறோமாம். நாலாவது பட்டனை ஜாஸ்தி அழுத்தினால் நமக்கு மார்க் குறையும்.

"கஸ்டமருக்கு 'தெரியல' புடிக்காதுப்பா. உத்துப் பாரு. இல்லன்னா பச்சைன்னு போடு" - பிரபு.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி, இருபது செகண்ட் பார்க்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நல்லது. ஆனால் மவுஸ் பதினைந்து செகண்ட் அசையாமல் இருந்தால் பிரபுவின் ஸ்கிரீனில் என் பெயர் மஞ்சளாகிவிடும். மூன்று மஞ்சளுக்குக் கூப்பிட்டுக் கேட்பார். இன்று ஐந்து.

"இன்னா அருளு, தூங்குறியா?"

"தூரத்தப் பாத்தேன் சார். கண்ணுக்கு ரெஸ்ட்டு."

"தூரத்துல இன்னாப்பா இருக்கு? சொவுருதான் இருக்கு. வேலையப் பாரு."

மாலை இடது: ஆறுக்கு மூன்று.


11.6, புதன்

பக்கத்து சீட் ஷபானா அக்கா. பரங்கிப்பேட்டை. தினமும் ரயிலில் வருகிறார். கண்ணில் எந்நேரமும் தண்ணீர். துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டே கட்டம் போடுவார்.

மவுஸ் விஷயத்துக்கு வழி கண்டுபிடித்தேன். செகண்ட் முள் ஓடுகிற கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தால், முள் போகப் போக மவுஸ் அசைகிறதென்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். சோதித்தேன். வேலை செய்கிறது. மஞ்சள் இல்லை. என் கடிகாரம் டிஜிட்டல். அக்கா அவர் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவந்த பழைய வாட்ச் ஒன்றைக் கொடுத்தார்.

"அவுரு அங்க டைம் பாத்த வாட்சு தம்பி. இப்ப இதாவது இங்க ஒழைக்கட்டும். மனுசன் வூட்ல படுத்துதான் கெடக்குறாரு."

மதியத்துக்குள் எங்கள் வரிசை முழுக்க வாட்ச். கீழே கடையில் போய் சுவர்க்கடிகாரம் கேட்டிருக்கிறான் ஒருத்தன். முட்டாள்.

இருபது செகண்டுக்கு எல்லோரும் தலையைத் திருப்பிப் பின் சுவரைப் பார்க்கிறார்கள். பின் சுவரில் என் சார்ட். பிரபு உள்ளே வந்தால் எல்லோரும் குனிகிறார்கள்.

இமைப்பு: 9. முன்னேற்றம்.
மாலை இடது: ஆறுக்கு ஐந்து!


12.6, வியாழன்

காலை இடது: ஆறுக்கு ஆறு. நம்பவில்லை. திரும்பப் படித்தேன். ஆறுக்கு ஆறு. நாலு நாளில் சரியாகிவிட்டது. விக்கிக்கு மெசேஜ் போட்டேன். 'மச்சான் மாஸ்டா' என்றான்.

மாலை எழுதுவது.

மூன்றரைக்குக் கரண்ட் போனது. மானிட்டர்கள் பேக்கப்பில் ஓடின. பிரபு பேட்டரியை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். ஹால் கும்மிருட்டு. எழுந்து நிற்கக் கிடைத்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நான் போய்க் கோட்டில் நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, சத்தமாகப் படித்தேன். மேலிருந்து கடைசி வரி வரை. ஒரு தப்பு இல்லை.

ஷபானா அக்கா குரல்: "தம்பி. நீங்க படிக்கிறது இருக்கட்டும். கரண்டு போய் எம்மாந்நேரம் ஆவுது? எனக்கு என் கையே தெரியல. ஒங்களுக்குச் சார்ட்டு தெரியுதா?"

ஹாலே சிரித்தது. "அருளு பூனைடா" என்றான் ஒருத்தன். "ரயிலுக்கு ஹெட்லைட்டே வேணாம், இவரு போதும்" என்று இன்னொருத்தன்.

நான் சிரிக்கவில்லை. நான்கு நாளாக நான் அளந்தது கண்ணை இல்லை. பள்ளியிலிருந்து கோச்சிங் சென்டர் வரை மனப்பாடம் செய்தே வந்தவனுக்கு, தினமும் இரண்டு தடவை பார்க்கும் ஆறு எழுத்து எப்படி ஏறாமல் இருக்கும். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அளவுகோலை நானே கெடுத்துவிட்டு, அதில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இடது: தெரியவில்லை. இன்று எழுத நிஜமான எண் என்னிடம் இல்லை.


14.6, சனி

காலை ரயிலில் கடலூர். வீட்டுக்கும், கண் டாக்டருக்கும்.

புது அளவுகோலாக ஸ்டேஷன் போர்டுகளைப் படித்துப் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கிள்ளை. பரங்கிப்பேட்டை. புதுச்சத்திரம். ஆலப்பாக்கம். ஒவ்வொன்றும் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. பிறகுதான் உறைத்தது. அடுத்தது எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து போகிற பாதை. இந்த ஊரில் எதை வைத்தும் என் கண்ணை அளக்க முடியாது. எல்லாமே முன்னமே தெரிந்தது.

சிக்னல் மட்டும் அப்படி இல்லை. அது சிவப்பா பச்சையா என்று மனப்பாடம் செய்ய முடியாது. துறைமுகம் ஜங்ஷனுக்கு வெளியே வண்டி வளைவில் நின்றது. வலது கண்ணை மூடினேன். ஒரு சிவப்பு. அதை ஒட்டி மங்கலாக இன்னொரு சிவப்பு. திறந்தேன், ஒன்று. மூடினேன், இரண்டு.

டாக்டர் அம்மா கறாரான ஆள். தமிழ் எழுத்து சார்ட். நல்ல வேளை, இதை நான் பார்த்ததில்லை. இடது 6/12. கண்ணில் சொட்டு மருந்து ஊற்றி, ஒரு மணி நேரம் மூடி உட்கார வைத்து, மறுபடி பார்த்தார். 6/9.

"பாத்தீங்களா, ஒரு வரி ஏறிடுச்சு. பக்கத்துலயே பாத்துப் பாத்து உள்ள இருக்கற தசை இறுக்கிப் புடிச்சிருக்கு. கைய மடக்கியே வெச்சிருந்தா நீட்டும்போது வராதுல்ல, அந்த மாதிரி. மருந்து ஊத்துனா தளர்ந்துடுச்சு."

"மீதி ஒரு வரி?"

"அது புடிப்பா, நெஜமாவே பவர் வந்துடுச்சான்னு ஸ்கிரீன விட்டுப் பாத்தாதான் தெரியும். மானிட்டர், போன் ரெண்டும் வேணாம். வெளியில போங்க, தூரமாப் பாருங்க."

"பத்து நாள்ல சரியாயிடுமா மேடம்?"

"ஒங்க தேதி கண்ணுக்குத் தெரியாதுங்களே."

வெளியே வந்தால் வெயில் ஊசி மாதிரி. மருந்தால் கண்மணி விரிந்து கிடக்கிறது. தூரம் தெரிகிறது, கிட்டே எதுவும் தெரியவில்லை. இதை எழுதுவதே குருட்டாம்போக்கில். நாளை வரை இப்படித்தான் இருக்குமாம்.

வீட்டில் அப்பா இல்லை. மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. போட்டுக்கு ஐஸ் ஏற்றப் போயிருக்கிறார். குப்பம் முழுக்க வலையும் டீசல் நாற்றமும் சத்தமும். எதிர் வீட்டுக்காரர், "இன்னா டிரைவரே, எப்ப வந்தீங்க?" என்றார். அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறது.


15.6, ஞாயிறு

விடிகாலையில் போட்டெல்லாம் போய்விட்டன. கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் போட்டு புள்ளியாகிற வரை. இடது கண்ணில் அது கொஞ்சம் முன்னாடியே காணாமல் போனது.

காலைச் சாப்பாட்டின்போது போனில் மெசேஜ் மேல் மெசேஜ். எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எட்டாவது வரை படித்தது. தமிழ் வேகமாக வாசிக்கும். இங்கிலீஷ் எழுத்து எழுத்தாகத்தான்.

"விக்கி அனுப்பிருக்கான்டா. 'மச்சான், மெடிக்கல்ல இந்தச் சார்ட்டுதானாம், குரூப்ல போட்டாங்க, மனப்பாடம் பண்ணிடு.' கீழ ஒரு போட்டா. இரு. எச்சு. வி. இசட்டு..."

"அம்மா, வேணாம், வை."

"இருடா, படிக்கிறேன்ல. ஓ. என்னு. எல்லு. இன்னாடா இது, வார்த்தையே வரல? மேல இன்னும் இருக்கு."

"போதும்மா."

"கடைசி வரிதான் முக்கியம்னு போட்டிருக்கான். திரும்பப் படிக்கட்டா? எச்சு. வி. இசட்டு. ஓ. என்னு. எல்லு. இது படிச்சா வேல கெடைக்குமாடா?"

போனைத் திரும்ப வாங்கினேன். அம்மா தட்டில் இன்னொரு இட்லி வைத்தது.

போட்டோவை அழித்துவிட்டேன். அழித்து என்ன. கண்ணால் பார்த்திருந்தால்கூட மறந்திருப்பேன். காதில் விழுந்தது போகவில்லை. கடற்கரையில் நடந்தபோதும் எச்சு, வி, இசட்டு.


16.6, திங்கள்

சிதம்பரம். மேகமூட்டம், மழை இல்லை, புழுக்கம்.

பிரபுவிடம் 25 வரை லீவு கேட்டேன்.

"டெலிவரி இருக்கே அருளு. இருபத்தேழு வரைக்கும் யாருக்கும் லீவு இல்ல. சீனியர் நீயே போனா எப்புடி?"

"கண்ணு போவுது சார்."

"எனக்குந்தான் போவுது. நான் இன்னா போயிட்டனா?" கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். மூக்கில் இரண்டு பக்கமும் பள்ளம். அதுவரை நான் அந்த ஆளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கண் இரண்டும் இரத்தக் கலர்.

அப்போதுதான் யாருடைய மவுஸோ சரிந்து, வாட்ச் கீழே விழுந்து, அவர் காலடிக்கு உருண்டது. எடுத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மேஜையாக மவுஸைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். நான் எழுந்து, "ஐடியா என்னுது சார்" என்றேன். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

"அப்ப நீ கெளம்பு. இருபத்தஞ்சு கழிச்சு வேல கெடைச்சா நல்லதுதான். கெடைக்கலன்னா இங்க வந்து நிக்காத."

கிளம்பினேன். கோபத்தில் பாதி, நிம்மதியில் பாதி. சார்ட்டைக் கிழிக்கப் போனபோது ஷபானா அக்கா, "அத விட்டுட்டுப் போங்க தம்பி" என்றார்.

"எதுக்குக்கா?"

"நானும் ஒரு தடவ பாத்தேன். நாலாவது வரிக்குக் கீழ எனக்கு ஒண்ணும் இல்ல."

"டாக்டர்ட்ட போங்க. லைட்டாவது போடச் சொல்லுங்க."

"ஒங்களுக்குத் தேதி இருக்கு, நீங்க போறீங்க. எங்களுக்கு இன்னா தேதி? போங்க. நல்லா படிச்சிட்டு வாங்க. துவா செய்றேன்."

பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தால் அவர் வாட்ச் என் சட்டைப் பையில்.


19.6, வியாழன். கடலூர்

மானிட்டர் இல்லை. போன் அம்மாவிடம். இந்த நோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும், பகல் வெளிச்சத்தில்.

புது அளவுகோல் கிடைத்தது. பைபாஸில் வரும் லாரிகளின் நம்பர் பிளேட். ஒரே நம்பர் இரண்டு தடவை வராது. மனப்பாடத்துக்கு வழியே இல்லை. புளியமரத்தடியில் நின்று, ஸ்பீடு பிரேக்கரில் லாரி நிற்கும்போது ஒரு கண்ணால் படித்து, கிட்டே வந்ததும் இரண்டு கண்ணாலும் சரிபார்ப்பது. பலாப்பழ லோடுகள்தான் ஜாஸ்தி, காடாம்புலியூர் பக்கமிருந்து. ஒரு டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி, ஆர்டிஓ ஆபீஸா?"

"இல்லண்ணா. கண்ணு டெஸ்ட்டு."

"ஒரு கண்ண மூடிக்கிட்டு எம் பொழப்பப் பாக்குற. நல்ல டெஸ்ட்டுடா சாமி." ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

வலது: பத்துக்குப் பத்து. இடது: பத்துக்கு ஐந்து.
எரிச்சல் நின்றுவிட்டது. தலைவலி இல்லை. இமைப்பதை எண்ண மறந்துவிட்டேன்.


23.6, திங்கள்

தூறல். சீக்கிரமே நின்றது.

இடது: பத்துக்கு ஏழு. நேற்றும் ஏழு. அதற்கு முந்தின நாளும் ஏழு. ஏறி வந்து நின்றுவிட்டது. எட்டும் மூன்றும், ஆறும் ஐந்தும் குழம்புகின்றன.

அப்பா கடலிலிருந்து வந்தார். கண்ணில் சதை வளர்ந்து கறுவிழி வரை வந்திருக்கிறது அவருக்கு. காட்டச் சொன்னால், "இப்ப இன்னா, மீனு தெரியுதுல்ல" என்கிறார். "நீ ஒங் கண்ணப் பாரு. அதான் வூட்டுக்கே வேணும்."

எச்சு, வி, இசட்டு, ஓ, என்னு, எல்லு.


25.6, புதன்

மெடிக்கல். நேற்றே வந்து லாட்ஜில் விக்கியோடு. ரயில்வே ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்களை மாதிரியே நிறையப் பேர். எல்லோருக்கும் வாய் அசைகிறது. கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி.

உள்ளே போனேன். வலது கண்: படித்தேன். நிஜமாகப் படித்தேன்.

இடது. அதே சார்ட். மேல் வரிகள் சரி. கடைசி வரி. முதல் எழுத்து எச். தெரிந்தது. இரண்டாவது வி. தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதில் அம்மாவின் குரல். இசட்டு. ஓ. என்னு. எல்லு. வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஓ-வா சி-யா என்று என் கண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு எல்லுக்குப் போய்விட்டது.

டாக்டர், "ம். அடுத்த ஆள்" என்றார்.

படித்தேனா, ஒப்பித்தேனா, எனக்கே தெரியவில்லை. இல்லை. தெரியும்.

சாயங்காலம் ஜன்னலில் பெயர் கூப்பிட்டார்கள். நான் ஃபிட். விக்கி ஃபிட். ஆர்டர் வீட்டுக்கு வருமாம். விக்கி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "மச்சான், எஞ்சின்ல ஏறி ஒரு ஹாரன் அடிப்போம் பாரு, நம்ம ஊரே எந்திரிக்கணும்."


26.6, வியாழன்

ரயிலில் திரும்பும்போது வாசலில் நின்று வந்தேன். பச்சை. வலது கண்ணை மூடினேன். பச்சை, பக்கத்தில் அதன் நிழல். முன்னைக்கு இப்போது நெருக்கம். ஆனாலும் இரண்டு.

விக்கியிடம் சொன்னேன்.

"ஒத்தக் கண்ண மூடிக்கிட்டா வண்டி ஓட்டப் போற? ரெண்டும் தொறந்திருக்குமுல்ல? ஃபிட்டுன்னு அவுங்களே சொல்லிட்டாங்க. ஒனக்கு இன்னா நோவு?"

சரியான வாதம். கண்ணில் தூசி விழும், தண்ணீர் வரும், ஒரு கண் சில செகண்டு இருக்காது. அதற்குத்தான் ஒவ்வொரு கண்ணும் தனியாக என்று வைத்திருக்கிறார்கள். இதை அவனிடம் சொல்லவில்லை.

அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்திருக்கிறது. எதிர் வீட்டு அத்தை, "ஒம் புள்ள வண்டியில எங்களுக்கெல்லாம் சும்மா விடுவானா?" என்றது.

"சும்மா எதுக்கு? டிக்கெட்டு எடுத்தே போவேன்" என்றது அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஓட்டுற மொத வண்டியில நான் ஏறணும்டா. மொத பொட்டியிலயே. எஞ்சினு பக்கத்துல. சொல்லிடு எந்த வண்டின்னு."

சரி என்றேன்.


28.6, சனி. காலை நல்ல வெயில்

டாக்டர் அம்மாவிடம் போனேன். வேறு சார்ட் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் மாற்றினார். எண்கள். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும்.

இடது 6/9. இரண்டு தடவையும் அதேதான்.

"இப்ப புடிப்பு சுத்தமா இல்ல. நல்லா ரெஸ்ட் குடுத்திருக்கீங்க. இது ஒங்க நம்பர்தான். சின்னக் கண்ணாடி போட்டா பளிச்சுன்னு தெரியும். பெரிய விஷயமே இல்ல."

"போடக் கூடாதே மேடம்."

"எதுக்கு?"

சொன்னேன். வேலை, மெடிக்கல், ஃபிட். சார்ட் விஷயத்தையும் சொன்னேன். பேனாவை மூடிவைத்தார். "கண்ணாடிக்குச் சீட்டு எழுதித் தரட்டுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதுங்க."

சீட்டு இப்போது இந்த நோட்டுக்குள் இருக்கிறது. வெளிநாட்டுச் சாலையில் தூரத்து விளக்கு மங்கலாக இருந்தால் பச்சை என்று எத்தனை தடவை அழுத்தியிருப்பேன். அதில் போகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது. நான் ஓட்டும் வண்டியின் முதல் பெட்டியில் யார் உட்காரும் என்று தெரியும்.

இனி செய்ய வேண்டியது:

1. திங்கள், முதல் பஸ். மெடிக்கல் நடந்த ஆஸ்பத்திரி. சீட்டைக் காட்டி, இடது கண்ணை மறுபடி பார்க்கச் சொல்வது. நான் பார்க்காத, கேட்காத சார்ட்டில்.
2. தெரியாத எழுத்து வந்தால் 'தெரியவில்லை' என்று சொல்வது.
3. விக்கியிடம் இன்றே சொல்லிவிடுவது. திட்டுவான். அவன் பெயரை எடுக்க மாட்டேன். போட்டோ எங்கிருந்து என்று கேட்டால் என் போன் என்று மட்டும்.
4. வரும் வழியில் சிதம்பரம் இறங்கி, ஷபானா அக்காவின் வாட்ச். பிரபுவிடம் என் பழைய வேலை இருக்கிறதா என்று கேட்பது. வந்து நிக்காத என்றார். நிற்பேன்.
5. வேலை கிடைத்தால், உட்காருவதற்கு முன் ஜன்னலில் இருக்கும் கறுப்புப் பேப்பரைக் கிழிப்பது. கேட்காமல். பிறகு கண்ணாடி.
6. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வது. போனில் இல்லை, நேரில். இடது கண் என்று மட்டும். அன்றைக்கு இட்லி வைத்துக்கொண்டு அது எனக்கு வாசித்தது என்ன என்று எப்போதும் சொல்லக் கூடாது.